அவளும் சிரித்தாள்

வில்லன் யாரென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. சினிமாவானாலும் சீரியலானாலும் முதல் கால் மணி நேரத்துக்குள் ஆளைக் காட்டிவிட வேண்டும். அப்புறம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து திட்டலாம். கதை முடிகிற நேரத்தில் திடீரென்று ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்தி "இவன்தான்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுவரை நான் யார் யாரையோ திட்டியதெல்லாம் வீண்தானே?

எனக்கு வாய்த்த வேலையும் இந்தப் புத்திக்கு ஏற்றதுதான். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கர். தைத்து முடிந்து வரும் ஷூவைக் கையில் எடுத்து, டியூப்லைட்டுக்கு நேராகத் திருப்பி, குறை எங்கே என்று பார்க்க வேண்டும். தையல் விலகியிருந்தாலோ பசை பிதுங்கியிருந்தாலோ அந்த இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ரிப்பேர் டேபிளுக்கு அனுப்புவேன். சரி செய்து திருப்பி அனுப்புவார்கள். மறுபடி பார்த்து, திருப்தி என்றால் அம்பை உரிப்பேன். ஒட்டினவர்தான் உரிக்க வேண்டும், அது எங்கள் லைனில் சட்டம். ரிப்பேர்காரர் தானே உரித்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு அர்ச்சனைதான்.

என் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான், கட்டிங் செக்‌ஷன். நான் பார்ப்பது முடிந்த பொருளை, அவர் பார்ப்பது தோலை. ஒவ்வொரு தோலையும் மேஜைமேல் விரித்து, முள் கீறல், உண்ணிக் கடி, பழைய தழும்பு இருக்கிற இடத்தையெல்லாம் வெள்ளி மைப் பேனாவால் வட்டம் போட்டு, அதை ஒதுக்கிவிட்டு வெட்டுவார். சும்மா பார்த்தால் சில குறை தெரியாது, முழங்கைமேல் போட்டு இழுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று ஒரு நாள் காட்டினார். நல்ல வழவழப்பான தோல்தான். இழுத்ததும் உள்ளேயிருந்து ஒரு கோடு வெள்ளையாக எழுந்து வந்தது. எனக்கு ஆச்சரியம்.

அவர் சத்தமில்லாத மனுஷன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். எங்கள் வீடு அணைக்கட்டு ஊர்ப் பக்கம், அங்கிருந்து கம்பெனி பஸ் வரும், ஒரு மணி நேரப் பயணம். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். நான் ஏறினால்தான் பஸ்ஸுக்கே உயிர் வரும் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

என்னிடம் ஒரு கதை உண்டு. பஸ்ஸில் எல்லாருக்கும் மனப்பாடம், ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எங்கள் பெண்ணை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் விட்ட வருஷம் அவர் தானே அவளுக்கு ஷூ செய்தார். பழைய காலண்டர் அட்டையில் காலை வரைந்து, பேட்டர்ன் வெட்டி, ஆம்பூரில் துண்டுத்தோல் வாங்கி வந்து, பத்து நாள் உட்கார்ந்து தைத்தார். திங்கட்கிழமை காலை, அவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நான்தான் பிள்ளைக்கு அந்த ஷூவைப் போட்டு நடக்கவிட்டேன். ஒரு கால் இந்தப் பக்கம் போகிறது, ஒரு கால் அந்தப் பக்கம் போகிறது. குடத்தோடு உள்ளே வந்தவர் பிள்ளையின் காலைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எனக்கு வசனம் வந்துவிட்டது.

"இன்னாங்க, ஒரு ஷூ வேலூர் போவுது, ஒண்ணு குடியாத்தம் போவுது. புள்ளை எந்த பஸ் ஏறும்?"

அன்றைக்கு ஏறியதும் இதைச் சொன்னேன், பஸ்ஸே அதிர்ந்தது. சாப்பாட்டு ஹாலில் மறுபடி சொன்னேன், அங்கேயும் சிரிப்பு. அப்புறம் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதையும் நான் விட்டுவைக்கவில்லை. "வேலூர் குடியாத்தம் கதையைச் சொல்லும்மா" என்று அவர்களே கேட்பார்கள். அவரும் பின்னால் உட்கார்ந்து சிரிப்பார். கோபமே வராத மனுஷன் கிடைத்தது நான் செய்த புண்ணியம் என்று எல்லாரும் சொல்வார்கள்.

சரி, வில்லன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லைனில் சாப்பாட்டு நேரம் அரை மணி. பத்து நிமிஷம் சோறு, இருபது நிமிஷம் கதை. பஸ்ஸில் வரும்போது நான் ஏதாவது கதைப் புத்தகம் படிப்பேன், மத்தியானம் அதைச் சொல்வேன். போன வருஷம் கிளை நூலகத்தில் ஒரு பழைய நாவல் கையில் மாட்டியது. அட்டை கிடையாது, முதல் ஆறு பக்கம் கிடையாது, அதனால் பேரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. நூலகத்து அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "கடைசி பக்கம் இருக்கு, எடுத்துனு போங்க" என்றார்.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அவருடைய இளம் மனைவி. அவள் எட்டாவது வரை படித்தவள், அந்தக் காலத்தில் அது பெரிய படிப்பு. தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்களின் பெண்டு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தர வேண்டும் என்பது அவள் ஆசை. கணவன் தங்கமானவன். குடி கிடையாது, அடி கிடையாது, ஒரு அதட்டல் கூடக் கிடையாது. மனைவி சொன்ன உடனே ஒரு டஜன் சிலேட்டு வாங்கிக் கொடுக்கிறான்.

முதல் நாள் இவ்வளவு சொல்லி நிறுத்தினேன். மறுநாள் தொடங்கியது சண்டை. இத்தனை நல்லவர்கள் இருக்கிற கதையில் வில்லன் யார்?

"மாமியார் ஒருத்தி இருப்பா, வருவா பாரு" என்றாள் குடியாத்தத்துப் பெண். அவள் அங்கிருந்து புதிதாகக் கல்யாணமாகி எங்கள் பக்கம் வந்தவள், எங்கள் பஸ்தான்.

மாமியார் கதையில் வந்தார், ஆனால் வந்த மூன்றாம் பக்கமே காசிக்குப் போய்விட்டார். அடுத்தது, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் பெண்டாட்டிமேல் எங்களுக்குச் சந்தேகம். அவள் அந்த அம்மாவைப் பற்றி ஏதோ புறணி பேசினாளாம். பார்த்தால் அவள் பேசினதாகக் கணவன்தான் வந்து சொல்கிறான். நேராக அவள் ஒன்றும் பேசவில்லை. சிலேட்டு மட்டும் பெட்டியிலேயே கிடக்கிறது. முதலில் மழை. அப்புறம் அவளுக்குத் தலைவலி வருமே என்று அவனுக்குக் கவலை. அப்புறம், "ஊர் வாய் பொல்லாதது, உன்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் என்னால் தாங்க முடியாது" என்கிறான். எல்லாம் பாசம்தான். நூறு பக்கம் போய்விட்டது, வில்லனைக் காணோம். எனக்கு மண்டை காய்ந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிடக்கூட இல்லை, ஹாலின் மூலையில் நின்று படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லைனில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், ஆம்பூர்க்காரர். அவரை நாங்கள் எல்லாரும் ஆபா என்போம், அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பேசுவது கம்மி. அன்றைக்கு டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அந்த புருஷன்தான்மா வில்லன்."

"ஐயோ ஆபா! அவன் இன்னா பண்ணான் பாவம்? அவன்தானே சிலேட்டு வாங்கித் தந்தான்?"

"வாங்கித் தந்தான். எழுத உட்டானா? கையால அடிச்சா ஊரு வந்து கேக்கும். இவன் தடவிக் குடுத்தே உக்கார வெச்சிட்டான்."

எனக்குக் கை அரித்தது. இருநூறு ஷூ பார்த்தும் கண்ணில் படாத குறையை இன்னொருத்தர் வந்து காட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் புத்தகத்தை முதலிலிருந்து திறந்தேன். பையில் அம்பு ஸ்டிக்கர் ஒரு ஷீட் எப்போதும் கிடக்கும். அவன் எங்கெல்லாம் தடவிக் கொடுத்து உட்கார வைத்தானோ அந்த வரிக்கு நேராக ஒரு சிவப்பு அம்பு. மழை என்றானே, ஒட்டு. தலைவலி என்றானே, ஒட்டு. புறணியைக் கொண்டுவந்து காதில் போட்டானே, அதற்கு இரண்டு. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதை அச்சில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. நாற்பத்திமூன்று அம்பு ஒட்டினேன். எங்கள் லைனில் இவ்வளவு அம்பு விழுந்த ஷூவை ரிப்பேருக்குக்கூட அனுப்ப மாட்டார்கள், நேராக ரிஜெக்ட்.

கடைசி அத்தியாயத்தைச் சாப்பாட்டு நேரத்தில் அப்படியே படித்துக் காட்டினேன். இருபது வருஷம் போய்விடுகிறது. திருட்டுத்தனமாக அவள் எழுத்துச் சொல்லித் தந்த ஒரே ஒரு பெண், எங்கோ பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, அவளுக்குக் கடிதம் எழுதுகிறாள். கடிதத்தைப் பிரிக்கவே அவளுக்குப் பயம். "நீங்களே படிங்கோ, எனக்குத் தப்பாப் படிக்க வரும்" என்று கணவனிடம் நீட்டுகிறாள். அவனும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துக் காட்டுகிறான். ஆனால் ஒரு வரியை விட்டுவிடுகிறான். என்ன வரி என்று கதையில் இல்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

"அடப்பாவி! இன்னா வரிடி அது?" என்று குடியாத்தத்துப் பெண் கத்தினாள். யாருக்குத் தெரியும்? அன்று சாயங்காலம் வரை லைன் முழுக்க அதே பேச்சு. ஆபா மட்டும் என்னைப் பார்த்து, "உங்க வூட்டுக்காரருக்கு இந்தக் கதையச் சொன்னியா?" என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் எங்கே கதை படிக்கப் போகிறார் என்று சொல்லிச் சிரித்தேன்.

இதே நாட்களில் வீட்டில் ஒன்று நடந்திருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதால்தான் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன். ஒரு நாள் சாப்பிடும்போது அவர், "சாம்பிள் ரூம்ல பேட்டர்ன் வெட்ட ஒரு ஆள் எடுக்கறாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கணும். நம்மளே ஒரு பேட்டர்ன் போட்டு, ஷூவோட மேல் பாகத்த தெச்சு, திங்கக்கிழமை மாஸ்டர் கிட்ட காட்டணும்" என்றார். தொடர்ச்சியாக இத்தனை வார்த்தை அவர் பேசி நாளாகியிருந்தது.

"சரிதான். வேலூர் ஷூவா, குடியாத்தம் ஷூவா?" என்றேன்.

அவர் சிரித்தார். தட்டைக் கழுவி வைத்தார்.

நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. மாஸ்டர் முன்னால் போய் நின்று, சரியில்லை என்று சொல்லிவிட்டால் இவருக்கு அசிங்கமாகிவிடுமே, அந்தக் கவலைதான் எனக்கு. இந்த வரியை இப்போது எழுதும்போது அந்த ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் கேட்கிறது. அன்றைக்குக் கேட்கவில்லை. நாற்பத்திமூன்று அம்பு ஒட்டிய கை இது, தன் பக்கம் திரும்பி ஒன்றுகூட ஒட்டவில்லை.

கதை முடிந்த அன்று புதன்கிழமை. வீட்டுக்கு வந்ததும் அவரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். "இப்படி ஒரு அமுக்கினிய நான் பார்த்ததே இல்லைங்க, கல்லுளிமங்கன்" என்று ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டி, அம்புகளைக் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார்.

"குடு, படிச்சிட்டுத் தர்றேன்."

நான் வாயைப் பிளந்தேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் பேப்பர் தவிர வேறு எதையும் படித்து நான் பார்த்ததில்லை. வியாழன் முழுக்கப் பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து படித்தார். என்ன நினைக்கிறார் என்று பார்க்க நான் நாலு தடவை திரும்பினேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமையும் படித்தார். சனிக்கிழமை காலையில் புத்தகத்தைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு, பிள்ளையோடு கடைக்குப் போய்விட்டார்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். நூலகத்தில் திருப்பித் தருவதற்கு முன்னால் அம்புகளை உரிக்க வேண்டுமே. அப்போதுதான் பார்த்தேன், பக்கங்களில் வெள்ளி வட்டம். கட்டிங் பேனா. தோலில் கீறலைச் சுற்றிப் போடுகிற அதே வட்டம்.

மூன்றே மூன்று வட்டம்தான். மூன்றும் நான் அம்பு ஒட்டாத இடம். அதுதான் எனக்கு முதலில் ரோஷமாக இருந்தது. பதினோரு வருஷச் செக்கர் நான், நான் விட்டுவிட்ட குறை எது?

நாவலில் ஒரு வேடிக்கைக் கதை வரும். கல்யாணமான புதிதில் அந்தப் பெண் ரயில் நேர அட்டவணையைத் தப்பாகப் படித்துவிட்டு, மறுநாள் வர வேண்டிய விருந்தாளிகளுக்கு முதல் நாளே விருந்து சமைத்துவிடுகிறாள். ஸ்டேஷன் மாஸ்டர் பெண்டாட்டிக்கே ரயில் நேரம் தெரியவில்லை! வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் இதைச் சொல்கிறான், நடித்தே காட்டுகிறான். புத்தகத்தில் அது மூன்று இடத்தில் வருகிறது. நான் அந்த மூன்று இடத்தையும் லைனில் அபிநயத்தோடு சொல்லிச் சிரிக்க வைத்திருந்தேன். அவன் செய்ததில் நல்லது இது ஒன்றாவது இருக்கிறதே, பெண்டாட்டியோடு சிரித்துப் பேசுகிறானே என்றுகூட நினைத்திருந்தேன்.

மூன்று இடத்திலும் அந்தக் கதை ஒரே மாதிரிதான் முடிகிறது. 'எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.' அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைச் சுற்றித்தான் வட்டம்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது கோபம்தான். 'ஓ, அப்படியா சங்கதி? நேரா மூஞ்சிக்கு நேர சொல்றதுக்கு வாய் இல்லையா?' என்று மனசுக்குள் கத்தினேன். பிறகு, நேராகச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். சிரித்திருப்பேன். பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லியிருப்பேன். அவர் முன்பெல்லாம் குளிக்கும்போது பாடுவார், பாட்டை நிறுத்தி எத்தனை வருஷமாகிறது? கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் ஐந்தாவது நாள் நின்றுவிட்டாரே, அது ஏன்? ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு வேடிக்கைக் கதை இருந்தது. தோலை இழுத்ததும் உள்ளேயிருந்து வெள்ளைக் கோடு எழுந்ததே, அது ஞாபகம் வந்தது. வில்லனை ஊரெல்லாம் தேடினேன், தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

கடையிலிருந்து வந்தார். நான் அழுது முடித்து முகம் கழுவியிருந்தேன்.

"நேத்தோட பேர் குடுக்கற நாள் முடிஞ்சிடுச்சு இல்லைங்க?" என்றேன்.

"குடுத்துட்டேன்."

"எப்போ?"

பையிலிருந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "உன்கிட்ட சொன்ன அன்னைக்கி காலையிலயே ஒரு தபா குடுத்துட்டேன். நீ சிரிச்சே. மறுநாள் போய் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன். நேத்து மறுபடியும் போய்க் குடுத்தேன்."

ஒரு ஜோக்கும் அடிக்காமல் அந்த வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தேன். என் ஆயுசில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்குப் பின்னால் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் தானாகவே கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கறுப்புத் தோலில் ஒரு ஜோடி மேல் பாகம்.

"செக் பண்ணு. சிரிக்காம பண்ணு."

வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அய்யோ, எவ்வளவு நன்றாக இருந்தது! ஆனால் குதிகாலுக்கு மேலே ஓரிடத்தில் தையல் அரை நூல் இறங்கியிருந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் அம்பை ஒட்டிக் கொடுத்தேன். அவர் பார்த்தார், தலையாட்டினார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

அப்படியும் அவர் நகரவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு ஜோக் வரும் என்று காத்திருக்கிறார் என்று புரிந்தது. வசனம் ஒன்று நாக்கு நுனியில் இருந்ததும் உண்மை. விழுங்கினேன். அவர் போய் அந்தத் தையலைப் பிரித்து, மறுபடி தைத்துக்கொண்டு வந்தார். நான் அம்பை உரித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறினோம். அவர் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார். விஷயம் எப்படியோ பரவியிருந்தது.

"இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு சாம்பிள் ரூமுக்குப் போறாராமே?" என்று குடியாத்தத்துப் பெண் நடுவிலிருந்து கூவினாள். "பையில இன்னா? வேலூர் ஷூவா, குடியாத்தம் ஷூவா?"

பஸ்ஸே அதிர்ந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் வாயில் அதைப் போட்டவள் நான்தானே. திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். பையைப் பிடித்திருந்த விரல் மட்டும் வெளுத்திருந்தது.

ஒட்டினவர்தான் உரிக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். எல்லாரும் அடுத்த ஜோக்குக்குக் காத்திருக்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

"அந்தக் கதையில நான் ஒரு விஷயத்த உங்ககிட்ட சொல்லாம உட்டுட்டேன்" என்றேன். "ஷூ நேராத்தான் இருந்துச்சு. நான்தான் அவசரத்துல இடது காலுக்கு வலது ஷூ, வலது காலுக்கு இடது ஷூ மாட்டி உட்டேன். சாயங்காலம் புள்ளைக்குக் கழட்டும்போதுதான் பார்த்தேன். அதுக்குள்ள நீங்க எல்லாம் சிரிச்சிட்டீங்க. எனக்குச் சொல்ல மனசு வரல."

ஆறு வருஷமாக நான் படித்துக் காட்டாமல் விட்ட வரி அது. நாவலில் அந்தக் கடிதத்தை வாசித்தபோதே இது ஞாபகத்துக்கு வரப் பார்த்தது, நான்தான் யோசிக்க மறுத்துவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. குடியாத்தத்துப் பெண் சிரிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆம்பூர் வரும் வரை நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை.

சாயங்காலம் பஸ் எங்களை இறக்கிவிட்டது. வீடு வரைக்கும் கரும்புத் தோட்டத்தை ஒட்டி நடை. பாதி தூரம் போனதும், "புதன்கிழமையிலேர்ந்து சாம்பிள் ரூமுக்கு வரச் சொல்லிட்டாரு மாஸ்டர்" என்றார்.

சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை விடாமலே கேட்டேன்.

"காலையில நான் சொன்னதக் கேட்டு உங்களுக்குக் கோவம் வரலியா? ஆறு வருஷம் மறைச்சிருக்கேன்."

"மறைக்கறதுக்கு இன்னா இருக்குது? எனக்கு அன்னைக்கே தெரியும். பேட்டர்ன் போட்டவன் நான், இடது வலது தெரியாதா எனக்கு? குடத்தோட உள்ள வந்தப்பவே பார்த்துட்டேன்."

நான் நின்றுவிட்டேன். "அப்ப ஏங்க சொல்லல?"

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ சிரிச்சே. பஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன்."